கோபத்தோடு பழகிய மாஸ்க்

நான் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன ஐப்பசியிலிருந்து பங்குனி வரை ஜவ்வாது மலையில் பாதிப் பேர் என்னைக் குடிகாரன் என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்லிப் பரப்பியவன் என் பஸ்ஸின் கண்டக்டர்.

ஆலங்காயத்துக்கும் ஜமுனாமரத்தூருக்கும் இடையே மலைப்பாதையில் ஏறி இறங்கும் தனியார் பஸ் ஒன்றைப் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறேன். முதலாளிக்கு ஆலங்காயத்தில் டயர் கடை இருக்கிறது. கண்டக்டர் என்னோடு சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். அண்ணா, அண்ணா என்றுதான் கூப்பிடுவான். என் வீட்டில் உட்கார்ந்து என் மனைவி கிண்டிய களியைத் தின்றிருக்கிறான்.

அந்தச் சாயங்காலம் மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆலங்காயத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது சத்தம்தான். பஸ்ஸின் இடது பக்கம் முழுக்கத் தடுப்புச் சுவரில் தேய்ந்து கொண்டு போய், கண்ணாடிகள் உடைந்து, பஸ் நின்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலை தெரிந்தது. ஒரு பெரியவருக்குக் கம்பியில் இடித்து நெற்றி வீங்கிவிட்டது. யாரோ கொண்டுவந்த நல்லெண்ணெய் டின் கவிழ்ந்து வண்டி முழுக்க எண்ணெய் வாசனை. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"இன்னாண்ணா ஆச்சு?" என்று கண்டக்டர் ஓடி வந்தான்.

"ஸ்டியரிங் இழுத்துகிச்சி," என்றேன்.

மறுநாள் மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை. முதலாளி கண்டக்டரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் சொன்னானாம்: "காலையிலேர்ந்தே அவரு மேல வாசனை அடிச்சிதுங்க. நான்தான் ஒங்ககிட்ட சொல்லாம வுட்டுட்டேன்." அடுத்த வாரம் என் சீட்டில் அவனுடைய மச்சான் உட்கார்ந்திருந்தான்.

வேலை போனதை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். எங்களுக்கு ஜமுனாமரத்தூர் பக்கத்தில் கொஞ்சம் சாமை நிலமும் புளிய மரங்களும் உண்டு. ஆனால் பேச்சைத் தாங்க முடியவில்லை. பஸ் போகிற ஊருக்கெல்லாம் அந்தப் பேச்சும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனது. சந்தைக்குப் போனால் டீக்கடைக்காரர், "ஸ்ட்ராங்கா போட்டுகீறேன், தெளியட்டும்," என்று கிளாஸை நீட்டினார். பல வருஷமாக முன் சீட்டில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டே வந்த ஒரு வாத்தியார் என்னைப் பார்த்ததும் வெங்காயக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் அப்பா குடித்துச் செத்தவர். அதனாலேயே ஒரு சொட்டு தொடாமல் இருந்தவன் நான். கண்டக்டருக்கு இது தெரியும். ஒரு நாள் களி தின்றுகொண்டே என் வாயால் கேட்டிருக்கிறான்.

அவனை என்ன செய்வது என்பதைத் தவிர அந்த நாட்களில் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

என் மனைவி வேறொன்றை யோசித்தாள். இரண்டு வருஷமாக அவள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தூக்கத்துல ஒங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வர்து. கொறட்டை வுடுவீங்க, டக்குனு நிக்கும். நான் விரல் மடக்கி எண்ணுவேன். அப்புறம் திக்குனு இழுப்பீங்க." அந்த விபத்துக்குப் பிறகு என் தூக்கமும் கெட்டுப்போயிருந்தது. கண்ணை மூடினால் சுவர் எதிரே வரும். மூடாமல் கிடப்பேன். மார்கழியில் என்னை வேலூருக்கு ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, ஓர் இரவு படுக்க வைத்துச் சோதித்தார்கள். காலையில் டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் ஓட்றேங்க. மலைல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "தூங்கும்போது தொண்டை அடைச்சு உங்களுக்கு மூச்சு நிக்குது. ஒவ்வொரு தடவையும் மூளை உங்களை எழுப்பி விடுது. ராத்திரி பூரா இதேதான். நீங்க தூங்கினதா நினைச்சதெல்லாம் தூக்கமே இல்ல. இத்தனை நாள் எப்படி ஓட்டினீங்க?"

அந்தக் கேள்வி வேறொருவனைக் குறுகவைத்திருக்கும். எனக்கு உடனே தோன்றியது வேறு. கண்டக்டர் வாயை அடைக்க ஒரு காகிதம் கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

"நான் குடிக்கலன்னு எழுதித் தருவீங்களா?"

"இது வியாதின்னு எழுதித் தர்றேன். பஸ் ஓட்டலாம்னு இப்ப எழுதித் தர மாட்டேன். மூணு மாசம் மெஷின் வெச்சுத் தூங்குங்க. தினம் எவ்ளோ நேரம் மாஸ்க் போட்டீங்கன்னு மெஷின்ல இருக்கற கார்டுல பதிவாகும். அதைக் கொண்டுவாங்க, பாத்துட்டு எழுதறேன். ஏமாத்தலாம்னு நினைக்காதீங்க."

சிபேப் என்று பெயர் சொன்னார்கள். ரேடியோப் பெட்டி அளவில் ஒரு மெஷின். அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க், தலையைச் சுற்றிப் பட்டைகள். மெஷின் காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். தொண்டை மூடாது. கேட்பதற்குச் சுலபம்தான்.

முதல் நாள் வீட்டில் மாட்டிக்கொண்டு படுத்தேன். ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் காற்று வந்து வாயை அடைக்குமே, அப்படி இருந்தது. மூச்சை வெளியே விட முடியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரோ முகத்தில் தலையணையை வைத்து அமுக்குவது போல ஒரு பயம். பட்டையைக் கழற்றத் தெரியாமல் பிய்த்தெறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். மறுநாளும் அதேதான். நான்காம் நாள் பாயை விரிக்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்பாவது குறட்டை விட்டுக்கொண்டு தூங்கினேன். இப்போது அதுவும் இல்லை.

ஒரு வாரம் பார்த்தேன். இதற்கு மேல் முடியாது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மெஷினைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். நின்றிருந்தது என் பஸ்தான். மச்சான் ஸ்டியரிங்கில். நான் முன் படியில் கால் வைத்தேன். கண்டக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

"பின்னாடி ஏறுங்கண்ணா. முன்னாடி லேடீஸ் கீறாங்க. வாந்தி கீந்தி எடுத்துடப் போறீங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவன் விசிலை ஊதினான்.

நான் காலை எடுத்துவிட்டேன். பஸ் போய்விட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே திரும்பினேன். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். செத்தாலும் சரி, இந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தூங்குவேன். மூன்று மாதத்தில் அந்தக் காகிதத்தை வாங்குவேன். அதை அவன் மூஞ்சியில் தேய்ப்பேன்.

ஆஸ்பத்திரியில் மெஷின் கொடுத்த நர்ஸுக்கு என் மனைவி போன் போட்டாள். "பகல்ல போட்டுப் பழகச் சொல்லுங்க. தூங்க வேணாம். எதாவது வேலை செஞ்சிக்கிட்டு சும்மா மாட்டிக்கிட்டு இருக்கட்டும்," என்றாராம். தை முழுக்கப் பகலில் அதைத்தான் செய்தேன். ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம், அப்புறம் பத்து. மாசியில் புளி உலுக்கியதும் நானும் அவளும் உட்கார்ந்து ஓடு நீக்கிக் கொட்டை எடுப்போம். பக்கத்தில் மெஷின் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருக்கும். மாஸ்க் போட்டிருந்தால் பேச முடியாது. அவள் பேசுவாள், நான் மனசுக்குள் கண்டக்டரிடம் பேசுவேன். மூச்சு முட்டி, மாஸ்க்கைப் பிடுங்கக் கை தானாக மேலே போகும். அந்த விசில் சத்தத்தை நினைத்துக்கொள்வேன். கை இறங்கிவிடும். ஒரு புளிக்கொட்டையை எடுத்து இது அவன் பல் என்று வைத்துக்கொண்டு சுத்தியால் தட்டியதும் உண்டு. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஒரு நாள் பக்கத்து நிலத்துப் பெண் முறம் கேட்டு வந்தவள் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயய்யோ, இன்னாக்கா ஆச்சி ஒங்க வூட்டுக்காரருக்கு? ஆக்சிஜன் வெச்சிட்டாங்களா?"

மறுநாள் இரண்டு பேர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு என்னைக் கடைசியாகப் பார்க்க வந்தார்கள். நான் மரத்திலிருந்து இறங்கி வந்து அவர்களுக்கு வணக்கம் சொன்னேன். குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது என்று கேள்விப்பட்டார்களாம். அதையும் கண்டக்டர் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் மீசை. படுத்துக் கண் அசரும் நேரத்தில் மேலுதட்டுப் பக்கம் காற்று கசிந்து பீப்பீ என்று சத்தம் வரும். பட்டையை இறுக்கினால் கன்னத்தில் புண். மெஷின்காரரிடம் கேட்டதற்கு, "பெரிய மீசையா சார்? எடுத்துடுங்க," என்றார். மீசை முளைத்த நாளிலிருந்து அதை நான் எடுத்ததில்லை. ஜமுனாமரத்தூரில் முடி வெட்டுகிறவர் மூன்று முறை கேட்டார், எடுக்கட்டுமா, நெஜமாவா என்று. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு ஆள். சந்தை முழுக்க அன்றைக்கே பேச்சு: எவனிடமோ பந்தயத்தில் தோற்றுவிட்டேனாம். கண்டக்டர் சொன்னதாக ஒருவர் வந்து சொன்னார், "குடிய வுட்டுட்டாரு, கோயிலுக்கு மீசைய குட்த்துட்டாரு." கோயிலுக்கு மீசை கொடுப்பவனை எந்த ஊரில் பார்த்தான் அவன்!

மலைக் குளிரில் வேறொரு தொல்லை. மெஷினில் ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகிக் குழாய்க்குள்ளேயே குளிர்ந்து, விடியற்காலையில் களக் களக் என்று சத்தம் போட்டு மூக்கில் தெளிக்கும். என் மனைவி பழைய ஸ்வெட்டர் ஒன்றின் கையை வெட்டிக் குழாய்க்கு உறை தைத்தாள். அந்தத் தண்ணீரும் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். பஸ் பேட்டரிக்கு ஊற்றுகிற அதே டிஸ்டில்டு வாட்டர்தான். பேட்டரிக் கடைக்காரர் நான் வேறு வண்டிக்கு வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். காற்றடித்தால் கரண்ட் போய்விடும். மெஷின் நின்றால் மாஸ்க்குக்குள் மூச்சு அடைக்கும். அது எனக்கு அந்தப் பழைய பயத்தைக் கொண்டுவந்துவிடும். ஒரு லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி நானே இணைப்புக் கொடுத்தேன். அந்த மூன்று மாதத்தில் என் கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

எந்த நாளில் பழகியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் தூங்கினேன், இரண்டு மணி நேரம் தூங்கினேன். நடுவில் நாலைந்து நாள் ஒன்றுமே இல்லை. மாசிக் கடைசியில் ஒரு நாள் கண் விழித்தபோது கூரை ஓட்டு இடுக்கில் வெளிச்சம் வந்திருந்தது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா?"

"சத்தமே இல்ல. பயந்துட்டேன். மூக்குகிட்ட கைய வெச்சிப் பாத்தா காத்து வர்து, அது மெஷின் காத்தா ஒங்க காத்தான்னு தெரியல. அதான் ஒக்காந்துகினு கீறேன்."

தலை பாரமாக இல்லை. வாய் வறண்டிருக்கவில்லை. அந்தக் காலை வெயிலும் கொட்டிக் கிடந்த புளியம்பழமும் கழுவி வைத்த மாதிரி தெரிந்தன. பல் விளக்கும்போதுதான் உறைத்தது, எழுந்ததிலிருந்து கண்டக்டரை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அவனை விட்டுவிட்டால் மாஸ்க்கும் விட்டுப்போகும் என்று தோன்றியது. வாயைக் கொப்பளித்துவிட்டு, அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் உட்கார்ந்து திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்தேன்.

பங்குனியில் டாக்டரம்மா கார்டைப் போட்டுப் பார்த்தார், காகிதம் எழுதிக் கொடுத்தார். வேலூரிலிருந்து நேராக ஆலங்காயம் போய் முதலாளியின் டயர் கடையில் இறங்கினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். மச்சான் இதற்குள் இரண்டு தரம் கிளட்ச் பிளேட்டை எரித்திருந்தான்.

"சரிப்பா. நாளைக்கே ஏறிக்கோ."

"ஒரே ஒரு விஷயம் மொதலாளி. மொத ட்ரிப்புல ஒவ்வொரு ஸ்டாப்புலயும் அவன் வாயாலயே சொல்லணும். நான் குடிக்கல, அவன் சொன்னது பொய்யின்னு. அப்பதான் ஏறுவேன்."

முதலாளி சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கண்டக்டரைக் கூப்பிட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்றேண்ணா," என்றான்.

மறுப்பான், சண்டை போடுவான் என்று மூன்று மாதமாக அத்தனை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். எதற்கும் அவன் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆலங்காயத்திலிருந்து வண்டியை எடுத்தேன். முதல் ஸ்டாப்பில் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இன்ஜினையும் அணைத்தேன். அவன் படியில் நின்று சொன்னான்: "டைவரு அண்ணா அன்னிக்கு குடிக்கல. நான் சொன்னது பொய்." வெல்லத்தை வாயில் போட்டது போல இருந்தது எனக்கு. இரண்டாவது ஸ்டாப்பில் அவன் குரல் கம்மியது. "கேக்கல, சத்தமா," என்றேன். சத்தமாகச் சொன்னான். கண்ணாடியில் அவன் காது சிவந்திருப்பதைப் பார்த்தேன். இன்னும் நிறைய ஸ்டாப் இருக்கிறது என்று சந்தோஷமாக வளைவுகளில் ஏறினேன்.

காவலூர் ஸ்டாப்பில் அவன் சொன்னபோது, மூன்றாவது சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் கேட்டாள்.

"குடிக்கலன்னா பின்ன ஏன் செவுத்துல வுட்டாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை மாதம் யோசித்தும் தோன்றவில்லை. கண்டக்டர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அவனுக்குப் பதில் தெரியும். சொல்லியிருக்கலாம்.

"அத அவரையே கேளும்மா," என்றான்.

ஸ்டியரிங் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. சட்டைப் பையில் டாக்டரம்மாவின் காகிதம் இருந்தது. திரும்பி உட்கார்ந்தேன்.

"தூங்கிட்டேம்மா."

"தூங்கிட்டீங்களா? வண்டி ஓட்டும்போதா?"

"அது ஒரு வியாதி. இப்ப மெஷின் வெச்சிகினு தூங்கறேன். டாக்டரு எழுதிக் குட்த்துட்டாங்க."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நான் அடுத்த வண்டில வர்றேன்," என்று இறங்கிவிட்டாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். குடிகாரன் ஓட்டியபோது, அதாவது குடிகாரன் என்று நம்பியபோது, அவர்கள் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசி சீட்டிலிருந்து ஒருவர் மட்டும், "அதுக்குத்தான் மீசைய எடுத்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, எடுப்பா வண்டிய, நேரமாவுது."

மிச்ச ஸ்டாப்புகளில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் இன்ஜினை அணைக்கவில்லை.

ஜமுனாமரத்தூரில் எல்லோரும் இறங்கிய பிறகு அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"செவுத்துல வுட்ட மாசத்துலயே மூணு வாட்டி ஒங்க தோள தட்டினேன்ணா. ஒவ்வொரு வாட்டியும் தூங்கல, யோசன பண்ணேன்னீங்க. தூங்கறாருன்னு சொன்னா மொதலாளி இன்னா பண்ணுவாரு? டீ குட்ச்சிட்டு ஓட்டச் சொல்லுன்னுவாரு. குடின்னு சொன்னாதான் எறக்குவாருன்னு சொன்னேன்."

"ஒன் மச்சான ஏத்தறதுக்குச் சொன்னே."

"அதுவும்தான்," என்றான். "நடுவுல அது ஒன்னு கெடச்சிது."

"அப்புறம் வாந்தி எடுப்பேன்னு சொன்னியே, அது யார எறக்கறதுக்கு?"

அவன் பணப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அவன் என் தோளைத் தட்டியது உண்மை. மூன்று முறை இல்லை, நான்கு முறை. அந்த வளைவுக்கு முன்னாலும் பல மாதங்கள் நான் தூங்கித் தூங்கி ஓட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியும். சொன்னால் சீட்டு போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு இதைப் படித்தால்தான் தெரியும்.

ஆனாலும் அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், அது பொய். குடிகாரனின் மகனைக் குடிகாரன் என்று சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது பாருங்கள், அது எனக்கு இன்றைக்கும் எரிகிறது. ஒரே வண்டியில்தான் ஓடுகிறோம். அவன் விசில் ஊதினால் எடுக்கிறேன், ஊதினால் நிறுத்துகிறேன். அவன் வாங்கி வைக்கும் டீயைத் தொடுவதில்லை. ஆறிப்போய் ஈ மொய்க்கும் வரை அது டாஷ்போர்டில் இருக்கும். தினமும் வாங்கித்தான் வைக்கிறான்.

மாஸ்க்கைத் தினமும் போடுகிறேன். பெருமழை பெய்தால் மட்டும் இன்றும் நெஞ்சு படபடக்கும். எழுந்து உட்கார்ந்து, காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்து, மறுபடி படுப்பேன். சில நாள் தூக்கம் வரும், சில நாள் வராது. வராத நாள் காலையில் முதலாளிக்குப் போன் செய்து, இன்று ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அவர் திட்டுவார். திட்டிவிட்டு வேறு ஆளை அனுப்புவார்.

வைகாசியில் கண்டக்டர் மகளுக்குக் காது குத்தல். வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தான். நான் போகவில்லை, என் மனைவி போனாள். திரும்பி வந்து புடவை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாரும் ஒங்களத்தான் கேட்டாங்க. இன்னும் எத்தினி நாளிக்கு இப்படி?"

"தெரியல," என்றேன்.

"கொழந்தைக்கு நம்ம பேர்ல ஒரு கவுனு எடுத்துக் குட்த்தேன்."

"ஒன் பேர்ல குட்த்தேன்னு சொல்லு," என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.